எல்கடுவ மலை ஏறிய மீன் கார்

1

ஜேர்மனிக்கு வந்த பிறகு நான் கற்றுக்கொண்ட முதல் சொற்களில் ஒன்று 'ஹவ்பே'. முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்த அன்று, அங்கிருந்த மேற்பார்வைக்காரி என் கொண்டையைச் சுட்டிக்காட்டி அந்தச் சொல்லைச் சொன்னாள். பிறகு வலைத்துணியில் தைத்த ஒரு தொப்பியை என் கையில் வைத்தாள். தலைமுடி சாப்பாட்டில் விழாமல் இருப்பதற்காக. அன்றிலிருந்து எனக்குத் தெரிந்த ஹவ்பே அது ஒன்றுதான்.

ஆகவே போன வசந்தத்தில் என் மகன் அருண் டெலிபோனில், "அம்மா, நான் ஹவ்பேல ஓட்டை வெட்டப் போறேன்" என்றபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஏண்டா, ஓட்டை போட்டா முடியெல்லாம் வெளிய வந்துருமே" என்றேன்.

அவன் சிரித்தான். அவன் என்னோடு பேசும்போது சிரித்து வெகு காலமாயிற்று. "தலை ஹவ்பே இல்ல அம்மா. கார் ஹவ்பே. எஞ்சின் மேல மூடி இருக்கே, அது."

பொனட். பொனட்டுக்கும் தலைத்தொப்பிக்கும் இந்த நாட்டில் ஒரே பெயர். நானும் சிரித்தேன். வேலையிடத்தில் சொல்லிச் சிரிக்க ஒரு கதை கிடைத்தது என்று நினைத்தேன். அதற்குள் அவன் எஞ்சின் சூட்டைப் பற்றி ஜேர்மன் மொழியில் எதையோ விளக்கத் தொடங்கியிருந்தான். நடுவில் எனக்காக நிறுத்தி, இலகுவான ஒரு சொல்லைத் தேடினான். கடைசியில் ஆங்கிலத்தில் சொன்னான்.

"லூவர் அம்மா. லூவர் வைக்கப் போறேன்."

பழைய வீட்டு ஜன்னல்களில் சரிவான பலகைகள் அடுக்கடுக்காக இருக்குமே, காற்று வரும், மழை வராது. அதையே தகரத்தில் வெட்டி பொனட்டில் வைத்தால் லூவர். எஞ்சினின் சூடு அதன் வழியாக மேலே போய்விடும். அந்தச் சொல்லைக் கேட்டு எனக்கு இருபத்தைந்து வருடம் ஆகிறது. அப்போது சட்டியில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்தேன்.

"வேண்டாம்" என்றேன்.

"என்ன வேண்டாம்?"

"அது வேண்டாம் அருண். வேற என்னமும் செய். பொனட்ட வெட்டாத."

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம்."

அவன் ஜேர்மன் மொழியில் ஒரு வசனம் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். 'உனக்கு எல்லாமே தடைதான்' என்பது அதன் பொருள். அந்த மொழியில் அப்படியான வசனங்கள் எனக்கு உடனே விளங்கிவிடுகின்றன.

2

என் கணவர் பெயர் தங்கராஜ். இலங்கையில், மாத்தளையில் வாடகைக்கு ஹயர் கார் ஓட்டினார். எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். கொழுந்து லொறியில் கிளீனராக ஏறி, சாரதியாகி, டவுனுக்கு இறங்கி வந்தவர். சொந்தமாக ஒரு பழைய மொரிஸ் ஒக்ஸ்போர்ட் கார் வைத்திருந்தார். சாம்பல் நிறம். புதுக் கார்களைக் கண்ணால் காண்பதே அரிதாக இருந்த வருடங்கள் அவை. ஆளுக்காள் பழையதை வெட்டி ஒட்டி ஓட்டினார்கள். பெட்ரோலுக்குக் கட்டுப்படியாகாமல் அவரும் அந்தக் காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஜப்பான் லொறி ஒன்றின் டீசல் எஞ்சினை வைத்தார்.

எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அது பெரிய எஞ்சின், இருந்த இடமோ சின்னது. டவுனுக்குள் ஒரு குறையும் இல்லை. எல்கடுவ மலை ஏறும்போதுதான் சூடு தாங்காமல் ரேடியேட்டர் கொதித்துவிடும். வளைவில் நிறுத்தி, பாறையிலிருந்து விழும் பீலித் தண்ணீரைப் பிடித்து ஊற்றி, ஆறும் வரை காத்திருக்க வேண்டும். சுற்றுலா போகிறவர்கள் என்றால் இறங்கி நின்று காட்சி பார்ப்பார்கள். இவருக்கு வருகிற ஹயரெல்லாம் தோட்டத்திலிருந்து நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு இறக்குவதுதான். ஒரு முறை வலிப்பு வந்த பிள்ளையொன்றை எடுக்கப் போகும்போது மலை நெடுக நிறுத்தி நிறுத்திப் போக வேண்டி வந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. இவர் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

"மேல ஒரு தாய் புள்ளய மடியில வச்சிக்கிட்டு ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்கா. நான் கீழ காருக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

முதலில் பொனட்டின் பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, இடுக்கில் கட்டை வைத்துப் பார்த்தார். சூட்டோடு டீசல் நாற்றமும் காருக்குள் வந்தது. நான் அருணை வயிற்றில் வைத்திருந்த நேரம், அந்த வாடையில் வாந்திதான் வந்தது. பிறகு பெரிய ஃபேன் தேடினார், அதற்கு உள்ளே இடமில்லை. கடைசியில் லூவர் என்ற முடிவுக்கு வந்தார்.

தகரப் பட்டறை வைத்திருந்த ஹமீது நானா அவருக்கு உயிர்ச் சிநேகிதர். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் நானா என்போம். இருவரும் எங்கள் வீட்டு முற்றத்தில் பொனட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு, பெண் பார்ப்பவர்கள் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார்கள். பொனட்டையே கீறி லூவர் அடிக்கலாம் என்றார் நானா. அடித்தால் தகடு நெளிந்துவிடும் என்றார் இவர். இரண்டு நாள் வாக்குவாதம். பிறகு இவர் கலேவெலப் பக்கம் ஹயர் போனபோது, வயலோரத்தில் செத்துக் கிடந்த உழவு இயந்திரம் ஒன்றின் எஞ்சின் பக்கத் தகடு கண்ணில் பட்டிருக்கிறது. அந்தக் காலத்து உழவு இயந்திரங்களில் அந்தத் தகட்டில் வரிசையாக லூவர் இருக்கும். சொந்தக்காரரிடம் கேட்டு வாங்கி வந்துவிட்டார்.

நானாவுக்குக் கோபம். "தங்கம், அது நெல்லு வயல்ல ஓடுன சாமான். மலைக்குப் பழக்கமில்ல. வழியில படுத்துக்கும்."

"நீங்க படுக்காம இருந்தா போதும் நானா. எங்க வைக்கிறதுன்னு சொல்லுங்க."

அதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தால் பார்க்க அழகு. ஆனால் அந்த இடத்தில் காற்று வெளியே போகுமா, உள்ளே வருமா என்பது யாருக்கும் தெரியவில்லை. நான் பிறக்கப்போகும் பிள்ளைக்குச் சிவப்புக் கம்பளி நூலில் தொப்பி பின்னிக்கொண்டிருந்தேன். இவர் அந்த நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு நூலை விரல் நீளத்துக்குத் துண்டு துண்டாக வெட்டி, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரால் பொனட் முழுக்க ஒட்டினார். என்னைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு மலை ஏறினார்.

"நான் ரோட்டப் பாக்குறேன். நீ நூலப் பாரு. எது எந்திரிச்சி நிக்குது, எது படுத்துக் கிடக்குதுன்னு சொல்லிக்கிட்டே வா."

மூக்குப் பக்கம், ரேடியேட்டரைத் தாண்டியதும் இருந்த நூல்கள் எழும்பி எழும்பி ஆடின. கண்ணாடிப் பக்கத்து நூல்கள் முறுக்கிக்கொண்டு தலைகீழாகத் திரும்பின. நான் சொல்லச் சொல்ல அவர், "அப்ப முன்னால காத்து உறிஞ்சுது. கண்ணாடிகிட்ட அமுக்குது" என்றார். கல்யாணமான பிறகு அவரோடு நான் சும்மா ஒரு பயணம் போனதில்லை. அன்று எல்கடுவ வரை போய்த் திரும்பினோம். பார்க்கிறவர்கள் எல்லாம் சிவப்பு மயிர் முளைத்த காரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

நானா தகட்டை இரண்டாக அறுத்தார். வாய்கள் கண்ணாடிப் பக்கம் திறந்திருக்கும்படி குறுக்காகத் திருப்பி, நூல் எழும்பிய இடத்தில் பொனட்டைத் துளைத்து, ஆணியடித்துப் பொருத்தினார். விளிம்புகளை அரத்தால் தேய்த்தார். "புள்ள பொறந்து ஓடியாடும், கைய கிழிச்சிக்கும்" என்று மறுபடியும் மறுபடியும் தேய்த்தார்.

அதற்குப் பிறகு அந்தக் கார் மலையில் நிற்கவில்லை. மழையில் ஏறும்போது லூவர் வழியாக ஆவி போகும். ரிவர்ஸ்டன் பக்கம் பனிமூட்டத்தில் பார்த்தால் செவுளைத் திறந்து மூச்சு விடும் மீன் மாதிரியே இருக்கும். தோட்டத்துப் பிள்ளைகள்தான் முதலில் 'மீன் காரு' என்று கத்தினார்கள். பிறகு டவுனில் சிங்கள ஆட்களும் 'மாலு கார் எக்க' என்று அதையே சொன்னார்கள். மாலு என்றால் மீன். வீட்டு விலாசம் தெரியாதவர்கள்கூட மீன் கார்க்காரர் வீடு எது என்று கேட்டு வந்துவிடுவார்கள்.

3

அருணுக்கு இப்போது இருபத்தாறு வயது. இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. என் வீட்டிலிருந்து ரயிலில் அரைமணி தூரத்தில் தனியாக இருக்கிறான். இருபது வருடப் பழைய கார் ஒன்றை வாங்கி, அதில் இருந்த எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பெரிய எஞ்சின் வைத்திருக்கிறான். அதுதான் கொதிக்கிறது. அதே நோய், அதே மருந்து. அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தகப்பனுக்கு லூவர் என்று ஒன்று இருந்ததே அவனுக்குத் தெரியாது. அப்பா ஹயர் கார் ஓட்டினார், கலவரத்தில் செத்துப்போனார் என்பது தெரியும். அதற்கு மேல் கேட்க அவனிடம் தமிழ் இல்லை, சொல்ல என்னிடம் ஜேர்மன் இல்லை.

இதை ஊரில் உள்ளவர்களுக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. என் பிள்ளை என்னோடு பேசுகிறான்தான். சாப்பிட்டியா, மருந்து எடுத்தியா, வெளியே குளிரா. இதற்குத் தேவையான தமிழ் அவனிடம் இருக்கிறது. ஒரு மனிதன் எப்படிச் செத்தான் என்று கேட்பதற்கு வேறு தமிழ் வேண்டும். பள்ளிக்கூடத்தில் 'என் தந்தை' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது 'என் தந்தை மீன் விற்றார்' என்று எழுதியிருந்தான். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

டெலிபோனில் சண்டை பிடித்த பிறகு அவன் நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைகள் வரவில்லை. கூப்பிட்டால் வேலை என்றான். ஜூலை மாதம் வந்தது. ஒவ்வொரு வருடமும் அவர் செத்த நாளில் அவர் படத்துக்கு விளக்கேற்றி, கட்டைச் சம்பலும் சோறும் வைப்பேன். அருண் வருவான், கும்பிடுவான், சாப்பிடுவான், போவான். இந்த வருடம் வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். பகல் ஒரு மணிபோல் கதவு மணி அடித்தது.

சாப்பிடும்போது அவன் கேட்டான். "அம்மா, அண்டைக்கு ஏன் அப்பிடி வேண்டாம் சொன்னே?" அவன் தமிழ் இங்குள்ள யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளிடம் பழகிப் பாதி மாறிப்போனது.

நான் சொன்னேன். எனக்கு ஜேர்மன் சொல் வராத இடங்களில் கையால் காட்டினேன். அவனுக்கு விளங்காத இடங்களில் நிறுத்தச் சொன்னான்.

4

அவனிடம் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

எண்பத்து மூன்று ஜூலை. அருண் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தான். முதல் நாள் இவர் ஹயரோடு எல்கடுவ போய் அங்கேயே தன் அக்கா வீட்டில் தங்கிவிட்டார். விடிந்தபோது டவுனில் தமிழர்களின் கடைகள் எரிகின்றன என்ற செய்தி மலைக்கும் போய்விட்டது. இறங்க வேண்டாம் என்று தோட்டத்து ஆட்கள் தடுத்திருக்கிறார்கள். ஆனால் பிரசவ வலியில் ஒரு பெண். இரத்தம் போகிறது. அவளையும் அவளுடைய தாயையும் ஏற்றிக்கொண்டு இறங்கிவிட்டார்.

ஆஸ்பத்திரி வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பெண்ணை உள்ளே சேர்த்துவிட்டு வெளியே வந்தபோது ஹமீது நானா கேட்டில் நின்றிருக்கிறார். இவரைத் தேடித்தான் டவுனுக்குள் அலைந்திருக்கிறார். பிறகு நடந்ததெல்லாம் நானா எனக்குச் சொன்னது.

"தங்கம், காரை இங்கனயே போட்டுட்டு என்னோட நடந்து வாங்க. என்ட தொப்பியப் போட்டுக்கோங்க."

"வீட்ல அவளும் புள்ளயும் இருக்காங்க நானா. கைப்புள்ளயோட எம்புட்டு தூரம் நடப்பா? கார் இருந்தாத்தான் அவங்கள மேல தோட்டத்துக்குக் கொண்டு போயிரலாம்."

"அப்ப நானும் வாறேன்."

நானா பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். முஸ்லிம் ஆள் பக்கத்தில் இருந்தால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வராது என்பது அவருடைய கணக்கு. இவருடைய சிங்களமும் பிசிறில்லாத சிங்களம், டவுனில் பிறந்த சிங்களவர் மாதிரியே பேசுவார். பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கூட்டம் மறித்தது. இவர் கண்ணாடியை இறக்கி, ஒரு சிங்களப் பெயரைச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகிறேன் என்றார். ஒருவன் குனிந்து முகத்தைப் பார்த்தான். நானாவையும் பார்த்தான். சரி, போ என்று கையைக் காட்டினான்.

இவர் கியரைப் போட்டார். கார் நகர்ந்தது.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல். "மே அர மாலு கார் எக்க நே!" இது அந்த மீன் காரல்லவா!

மீன் கார் யாருடையது என்று அந்த ஊரில் தெரியாத ஆள் கிடையாது.

நானாவை முதலில் இழுத்துப் போட்டார்கள். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்ததால் கையில் இரும்பால் அடித்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததை அவர் எனக்கு முழுதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கத்தியவன் யார் என்று மட்டும் கேட்டேன். நானாவுக்கு அவனைத் தெரியும். அந்தக் காரில் ஏறிப் போனவன்தான்.

"பேரச் சொல்ல மாட்டேன் தங்கச்சி. சொன்னா அவன்ட மூஞ்சி உங்கட மனசுல வந்து குந்திக்கும். பொறவு உங்களுக்குத் தூக்கம் வராது" என்றார்.

ஒடிந்த கையோடு நானாதான் என் வீட்டுக்கு வந்தார். அருணை மற்றக் கையில் தூக்கிக்கொண்டு, தன் மனைவியின் முக்காட்டை எனக்குப் போடக் கொடுத்து, சந்துகளுக்குள்ளால் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். சில நாட்களில் எங்களையெல்லாம் ஒரு பள்ளிக்கூடத்து முகாமுக்கு பஸ்ஸில் ஏற்றினார்கள். பஸ் பாலத்தைக் கடக்கும்போது பார்த்தேன். ரோட்டோரத்தில் தள்ளிவிடப்பட்டிருந்தது. கண்ணாடி இல்லை, டயர் இல்லை, சாம்பல் நிறமும் இல்லை, எல்லாம் கறுப்பு. பொனட்டில் லூவர் மட்டும் வரிசை குலையாமல் அப்படியே இருந்தது. நானாவின் வேலை நல்ல வேலை.

அவர் உடல் எனக்குக் கிடைக்கவில்லை. எங்கே கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை தெரியாது.

5

மீன் விற்ற கதை இது. என் தம்பி முன்னரே இங்கே வந்திருந்தான். அவன் உதவியால் அருணோடு நானும் வந்து சேர்ந்தேன். அகதி விண்ணப்பத்துக்கு விசாரணை நடந்தது. அதிகாரி ஒருவர், மொழிபெயர்க்கத் தமிழர் ஒருவர். மொழிபெயர்ப்பாளர் வடக்குப் பக்கத்தவர், நல்ல மனிதர். ஆனால் என் பேச்சில் பாதி அவருக்கும் அவர் பேச்சில் பாதி எனக்கும் புதிதாக இருந்தது.

"உங்கள் கணவர் சிங்களவரைப் போலவே சிங்களம் பேசுவார் என்கிறீர்கள். போகவும் விட்டார்கள் என்கிறீர்கள். பிறகு எப்படி அவர் தமிழர் என்று தெரிந்தது?"

"அவரு மீன் காருக்காரருன்னு எல்லாருக்கும் தெரியுமுங்க" என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் தலையாட்டிவிட்டு ஜேர்மனில் சொன்னார். அதிகாரி தட்டச்சு செய்தார். நான் லூவரைப் பற்றிச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளருக்குக் கார்களைப் பற்றித் தெரியாது. செவுள் என்றேன், பொனட் என்றேன், வெட்டு வெட்டாக இருக்கும் என்றேன். அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை நீட்டி வரையச் சொன்னார். எனக்கு வரைய வராது. பொனட்டை ஒரு நீள வட்டமாகப் போட்டு, அதில் கோடு கோடாக லூவரைப் போட்டேன். அவர் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆ, மீன் முள்" என்றார்.

அனுமதி கிடைத்தது. வீட்டுக்கு வந்த கடிதத்தைத் தம்பி வாசித்தபோதுதான், கணவனின் தொழில் மீன் வியாபாரம் என்று பதிவாகியிருப்பது தெரிந்தது. மீன் காருக்காரர் மீன்காரராகிவிட்டார். திருத்தலாமா என்று கேட்டேன். "அக்கா, இப்பப் போய் மாத்துனா நீங்க சொன்ன எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க. பேசாம விடுங்க" என்றான். விட்டுவிட்டேன். கிண்டர்கார்டன், பள்ளிக்கூடம், பிரஜாவுரிமை என்று ஒவ்வொரு இடத்திலும் அது பின்னாலேயே வந்தது. பத்து வயதில் அருண், "அப்பா என்ன மீன் வித்தார்?" என்று கேட்டான். இல்லடா, அவர் கார் ஓட்டினார் என்றேன். "மீன் கொண்டு போற கார்?" என்றான். நான் அழுதுவிட்டதைப் பார்த்து அவன் பிறகு கேட்கவேயில்லை.

6

நான் சொல்லி முடித்தபோது அருண் சோற்றில் கையை வைத்தபடியே இருந்தான். பிறகு ஜேர்மனில் மெதுவாகச் சொன்னான். "அந்த லூவர் அவரைக் கொல்லவில்லை அம்மா. மனிதர்கள் கொன்றார்கள்."

"தெரியும்டா" என்றேன். "தெரிஞ்சா மட்டும் பயம் போயிருமா?"

அவன் கை கழுவிவிட்டு வந்தான். "நீ சொன்னா வைக்கமாட்டேன்" என்றான். அதைத் தமிழில் சொன்னான். எனக்கு வேண்டிய பதில் அதுதான். ஆனால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தகப்பனைப் பற்றி அவன் கையில் கிடைத்த ஒரே ஒரு சாமானை நான் திருப்பிக் கேட்பது போல் இருந்தது.

"எங்க வைக்கப் போற?" என்று கேட்டேன்.

"கண்ணாடிக்குக் கிட்ட. எல்லாரும் அங்கதான் வைக்கினம். வடிவா இருக்கும்."

"அங்க வேண்டாம். அங்க காத்து அமுக்கும்."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

அடுத்த ஞாயிறு காரோடு வந்தான். பொனட் முழுக்க நூல் ஒட்டியிருந்தான், கறுப்புத் தையல் நூல். நகரத்துக்கு வெளியே அணைக்கட்டுப் பக்கம் ஒரு மலைப்பாதை இருக்கிறது. நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். இந்த நாட்டில் அது வலது பக்கம். கார் ஏறத் தொடங்கியது. நூல்கள் நடுங்கின, பிறகு மூக்குப் பக்கத்து நூல்கள் எழும்பின.

"அம்மா, எது நிக்குது? சொல்லு."

அவன் ரோட்டைப் பார்த்தபடியே மறுபடியும் கேட்டான். அப்போதுதான் நான் அழுவது அவனுக்குத் தெரிந்தது. ஓரத்தில் நிறுத்தப் போனான். "நிப்பாட்டாத, போ" என்றேன். "முன்னால நிக்குது. நடுவுல படுத்துக் கிடக்கு. கண்ணாடிகிட்ட திரும்புது." மேலே போகும்வரை சொல்லிக்கொண்டே போனேன்.

லூவரை அவன் அலுமினியத்தில் வாங்கியிருந்தான். இரண்டு வரிசை. நூல் எழும்பிய இடத்தில் வைத்தான். ஆனால் இந்த நாட்டில் காரில் ஒரு திருகாணியை மாற்றினாலும் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டி, காரின் பத்திரத்தில் பதிய வேண்டும். லீவு போட்டுவிட்டு நானும் போனேன். பரிசோதகர் நரைத்த மீசைக்காரர். லூவரின் ஒவ்வொரு விளிம்பையும் பெருவிரலால் தடவிப் பார்த்தார். ரோட்டில் யார் மேலாவது பட்டால் கிழிக்கக் கூடாதாம். பிறகு, எல்லோரும் கண்ணாடிப் பக்கம் வைப்பார்கள், நீ ஏன் இவ்வளவு முன்னால் வைத்தாய் என்று கேட்டார்.

"என் தந்தை அங்கேதான் வைத்தார்" என்றான் அருண்.

"அவரும் கார்க்காரரா?"

"ஆம். எஞ்சின் மாற்றுவார்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். தகப்பனைப் பற்றி அவன் இப்படிச் சொல்லி எந்த மொழியிலும் நான் கேட்டதில்லை. பரிசோதகர் தலையசைத்துவிட்டு முத்திரை குத்தினார்.

இலையுதிர் காலத்தில் அருணுக்குத் தெற்கே மியூனிக் பக்கம் வேலை கிடைத்தது. அந்தக் காரில்தான் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனான். முன்பு ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான், இனி டிசம்பரில் நத்தாருக்கு வருவான். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். தெருமுனையில் சிவப்பு விளக்குக்கு நின்றான். பக்கத்தில் நின்ற கார்க்காரர் அவன் பொனட்டை எட்டிப் பார்த்தார். நான் ஜன்னலைத் திறந்தேன். விளக்குப் பச்சையானது. இரண்டு காரும் போய்விட்டன.

7

அன்று பின்னேரம் யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. லூவர் என்றால் என்ன என்று விளக்காமல் சொல்ல எனக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான். டெலிபோன் அட்டை வாங்கி மாத்தளைக்கு எடுத்தேன். நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் நானாவோடு பேசுவது வழக்கமாக இருந்தது. பிறகு அவர்களுடைய நம்பர் மாறி, என் வேலை நேரம் மாறி, நின்றுபோயிருந்தது. புது நம்பரைத் தம்பி யாரிடமோ தேடிப் பிடித்துத் தந்தான்.

ஒரு பெண் எடுத்தாள். நானாவின் கடைசி மகள் நஸ்ரினா. நான் மாத்தளையை விட்டு வந்த பிறகு பிறந்தவள்.

"வாப்பா மவுத்தாகி ரெண்டு வருஷமாகுது" என்றாள். "நீங்க யாரு பேசுறது?"

நான் பெயரைச் சொன்னேன். தங்கராஜின் சம்சாரம் என்றேன். அவளுக்குத் தெரியவில்லை. மீன் காரு என்றேன். "அது எது?" என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள். வாப்பாவுக்குக் கடைசி வரைக்கும் பட்டறை இருந்ததா என்று கேட்டேன்.

"இல்ல. நான் பொறக்க முந்தியே மூடிட்டாங்களாம். வாப்பாக்கு வலது கை மடங்காது. சுத்தியல் புடிக்க ஏலாது. கராம்பு மரத்துல இருந்து விழுந்து ஒடிஞ்சதாம்."

"மரத்துல இருந்துன்னா சொன்னாரு?"

"ஓ. எப்பக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவாங்க. கராம்பு பறிக்க ஏறினேன், கிளை முறிஞ்சிச்சின்னு. ஏன்?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. கத்தியவனும் அடித்தவனும் அதே ஊரில்தான் இருந்தார்கள். நானாவும் அதே ஊரில்தான் இருக்க வேண்டியிருந்தது, பிள்ளைகளை வளர்க்க வேண்டியிருந்தது. ஆகவே ஒரு மரத்திலிருந்து விழுந்துவிட்டார். இருபத்து மூன்று வருடம் அந்த மரத்தை மாற்றவேயில்லை.

நான் நஸ்ரினாவிடம் சொன்னேன். ஆஸ்பத்திரி கேட்டில் நின்றதை, அப்ப நானும் வாறேன் என்றதை, கதவை விடாமல் பிடித்துக்கொண்டதை, ஒடிந்த கையோடு வந்து என் பிள்ளையைத் தூக்கியதை. அட்டை முடிந்துவிட்டதோ என்று பயந்தேன்.

"மகள், இருக்கீங்களா?"

"இருக்கேன்." பிறகு கேட்டாள். "அந்தக் காருக்குள்ள ஏறக்குள்ள வாப்பா பயந்தாங்களா?"

நானா அதை எனக்குச் சொல்லியிருந்தார். பயத்தில் கதவைச் சாத்தக்கூட முடியாமல், என் கணவர்தான் எட்டிச் சாத்தினார் என்று அழுது அழுது சொல்லியிருந்தார்.

"ரொம்பப் பயந்தாரும்மா" என்றேன். "பயந்துக்கிட்டேதான் ஏறுனாரு."